ஞாயிறு அன்று ஓட மறுத்தவர், ஞாயிறு அன்று விசிலோடு வந்து நின்றார்! ஒலிம்பிக் சாம்பியன் எரிக் லிடலின் கதை

2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழா ஞாபகம் இருக்கிறதா? பெரிய ஆர்கெஸ்ட்ரா உருக்கமாக வாசித்துக்கொண்டிருக்க, நடுவில் உட்கார்ந்த 'மிஸ்டர் பீன்' ரோவன் அட்கின்சன், ஒற்றை விரலால் கீபோர்டைத் தட்டித் தட்டிச் சலித்துப்போவார். கடற்கரையில் வெள்ளை உடையில் இளைஞர்கள் ஓடுவார்கள். உலகமே சிரித்த அந்தக் காட்சியின் இசை, 1981-ல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தினுடையது. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கிய படம்.

அந்தப் படத்தின் இரண்டு நாயகர்களில் ஒருவர் எரிக் லிடல். ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று சொல்லி, ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தையே விட்டவர். உலகத்துக்குத் தெரிந்தது இந்தப் பாதிதான். மீதிப் பாதி, அடுத்த இருபது வருடங்களில் சீனாவில் நடந்தது. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் செய்த வேறொரு காரியத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான், பாரிஸில் அவர் எடுத்த முடிவே சரியாகப் புரியும்.

சீனாவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர்

1902 ஜனவரி 16. சீனாவின் தியான்ஜின் நகரில் பிறந்தார் எரிக். அப்பா, அம்மா இருவரும் ஸ்காட்லாந்திலிருந்து லண்டன் மிஷனரி சொசைட்டி மூலம் போனவர்கள். அண்ணன் ராப். மிஷனரி வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: சின்ன வயதிலேயே இங்கிலாந்தில் ஹாஸ்டல் பள்ளி, பெற்றோர் கடல் கடந்து வேறு கண்டத்தில். எரிக்கும் ராப்பும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்கப் போன எரிக், அங்கே ஓடத் தொடங்கினார். பார்ப்பதற்கு அழகான ஓட்டம் இல்லை. தலை பின்னால் சாயும், வாய் திறந்திருக்கும், கைகள் காற்றாடி மாதிரி சுற்றும். எந்தக் கோச்சும் 'இப்படி ஓடாதே' என்றுதான் சொல்வார். ஆனால் வேகம் இருந்தது. ஸ்காட்லாந்து ரக்பி அணிக்காக 7 சர்வதேசப் போட்டிகளில் ஆடினார். 1923-ல் பிரிட்டனின் தேசியப் போட்டியில் 100 கஜத்தை 9.7 விநாடியில் ஓடினார். அந்த பிரிட்டிஷ் சாதனை பல வருடம் நின்றது.

அதே மாதம் நடந்த இன்னொரு ஓட்டத்தைப் பற்றி ஸ்காட்லாந்தில் இன்றும் பேசுவார்கள். 440 கஜ ஓட்டம். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இன்னொருவர் இடித்து, லிடல் தடத்துக்கு வெளியே விழுந்தார். எழுந்தபோது மற்றவர்கள் 20 கஜம் முன்னால் இருந்தார்கள். எழுந்து ஓடி, எல்லோரையும் பிடித்து, முதலாவதாக முடித்து, கோட்டைத் தாண்டியதும் மயங்கிச் சரிந்தார்.

ஆக, அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டருக்கு பிரிட்டன் யாரை நம்பியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அதுவரை எந்த ஐரோப்பியரும் ஒலிம்பிக் 100 மீட்டரில் தங்கம் வாங்கியதில்லை. அந்த ஏக்கம் முழுக்க ஒரு 22 வயது மாணவனின் தலையில் இறங்கியது.

அட்டவணையில் ஒரு நாள்

போட்டி அட்டவணை வந்தது. 100 மீட்டர் தகுதிச் சுற்று 1924 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. 4x100, 4x400 ரிலே ஓட்டங்களின் இறுதிச் சுற்று அடுத்த ஞாயிறு, ஜூலை 13.

மூன்றிலும் ஓட மாட்டேன் என்றார் லிடல்.

ஏன் என்பது அவருடைய சுற்றத்துக்குப் புதிராக இருந்திருக்காது. மோசேயின் பத்துக் கட்டளைகளில் ஒன்று, வாரத்தில் ஒரு நாளைக் கடவுளுக்கென்று ஒதுக்கி, வேலையை நிறுத்தச் சொல்கிறது. யூதர்களுக்கு அது சனிக்கிழமை. கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர், இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால், ஞாயிற்றுக்கிழமையைக் கர்த்தருடைய நாளாக வைத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டீரியன் சபைகள் இதில் ரொம்பவே கறார். எவ்வளவு கறார் என்றால், வடமேற்கில் லூயிஸ் தீவிலிருந்து ஸ்காட்லாந்தின் பெருநிலத்துக்குப் போகும் ஸ்டோர்னோவே படகு, ஞாயிறுகளில் ஓடத் தொடங்கியதே 2009 ஜூலையில்தான். அதற்கும் எதிர்ப்பு இருந்தது!

ஆனால் ஊரில் எல்லோரும் கடைப்பிடிக்கும்போது கடைப்பிடிப்பது சுலபம். ஊர் மொத்தமும் எதிர்ப்பக்கம் நின்று, 'இந்த ஒரு தடவைதானே' என்று கேட்கும்போதுதான் கஷ்டம். அப்படிக் கேட்டவர்கள் கெட்டவர்களும் இல்லை. உலகப் போர் முடிந்து ஆறு வருடம்கூட ஆகவில்லை, நாட்டுக்கு ஒரு சந்தோஷம் வேண்டும் என்று நினைத்தவர்கள். ஒலிம்பிக் என்பது நாட்டுக்குச் செய்யும் கடமை, கடமைக்கு முன்னால் தனிப்பட்ட வழக்கம் எம்மாத்திரம் என்பது அவர்கள் வாதம். பத்திரிகைகள் விமர்சித்தன. லிடல் சத்தம் போடவில்லை, பேட்டி கொடுத்து விவாதிக்கவும் இல்லை.

படத்தில் இதை வேறு மாதிரி காட்டியிருப்பார்கள். பாரிஸுக்குக் கப்பல் ஏறும்போதுதான் லிடலுக்கு அட்டவணை தெரியவரும். வேல்ஸ் இளவரசரும் பெரிய மனிதர்களும் ஓர் அறையில் உட்கார்த்தி அழுத்தம் கொடுப்பார்கள். ஒரு பிரபு தன்னுடைய 400 மீட்டர் இடத்தை விட்டுக்கொடுத்து அவரைக் காப்பாற்றுவார். சினிமாவுக்கு நல்ல காட்சிகள், மூன்றும் கற்பனை. 'ஓடும்போது கடவுளின் மகிழ்ச்சியை உணர்கிறேன்' என்ற பொருளில் லிடல் சொல்வதாக இணையம் முழுக்கச் சுற்றுகிற வசனமும் திரைக்கதை ஆசிரியர் காலின் வெலண்ட் எழுதியதுதான்.

உண்மை இதைவிடச் சாதாரணமானது. அதனாலேயே இன்னும் கடினமானது. அட்டவணை அவருக்குப் பல மாதம் முன்பே தெரியும். அந்த மாதங்கள் முழுக்க, மனதை மாற்றிக்கொள்ள ஒவ்வொரு நாளும் வாய்ப்பு இருந்தது. அவர் அந்த மாதங்களை, தனக்குப் பழக்கமில்லாத 400 மீட்டருக்குத் தயாராகச் செலவிட்டார். 100 மீட்டர் ஓடுகிறவருக்கு 400 மீட்டர் என்பது கிட்டத்தட்ட வேறு விளையாட்டு.

நீட் தேர்வு நாளும் ஞாயிறுதான்

இது ஏதோ நூறு வருடத்துக்கு முந்தைய வெள்ளைக்காரர் விவகாரம் என்று தோன்றலாம். நம் ஊரில் நீட் தேர்வு நடப்பது ஞாயிற்றுக்கிழமை. அரசு வேலைக்கான எத்தனையோ தேர்வுகள் ஞாயிற்றுக்கிழமை. கிரிக்கெட் கோச்சிங், டியூஷன் ஸ்பெஷல் கிளாஸ், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாம் ஞாயிறு காலையில்தான் வந்து நிற்கும். காலை ஆராதனைக்குப் போகிற வீடுகளில் 'இன்று சர்ச்சா, கிளாஸா?' என்ற பேச்சு ஏதோ ஒரு வாரம் எழாமல் இருக்காது.

அந்த வீடுகளில் பெரும்பாலோர் தேர்வை எழுதத்தான் செய்கிறார்கள். எழுதுகிறவர் பக்தியில் குறைந்தவர் என்று யாரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. லிடலே அப்படிச் சொல்லவில்லை. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். ஞாயிறு ஓடிய தன் அணி நண்பர்கள் யாரையும் அவர் குறை சொன்னதாகப் பதிவில்லை. 'போட்டியையே வேறு நாளுக்கு மாற்று' என்று கொடி பிடிக்கவும் இல்லை. தன் வாழ்க்கைக்குத் தான் போட்ட கோடு அது. அதற்கான விலையையும் தானே கட்டினார்.

ஜூலை 11

பாரிஸில் இருந்த ஞாயிறுகளைத் தேவாலயத்தில் கழித்தார் லிடல். அங்கிருந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் 'ஸ்காட்ஸ் கிர்க்' ஆலயத்தில் பேசவும் செய்தார். 100 மீட்டர் தங்கத்தை, அவர் இல்லாத களத்தில், இன்னொரு பிரிட்டிஷ் வீரர் ஹரோல்ட் ஆப்ரஹாம்ஸ் 10.6 விநாடியில் வென்றார். யூதரான ஆப்ரஹாம்ஸ், தன்னை வெளியாளாகப் பார்த்த சமூகத்தோடு வேறொரு போராட்டம் நடத்தியவர். அவர் கதைதான் படத்தின் இன்னொரு பாதி. 200 மீட்டரில் லிடலுக்கு வெண்கலம்.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை 400 மீட்டர் இறுதி. காலையில் ஹோட்டலிலிருந்து கிளம்பும்போது, அணியின் மசாஜ் உதவியாளர் ஒருவர் மடித்த காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார். மைதானத்தில் பிரித்துப் பார்த்தார் லிடல். தன்னைக் கனம்பண்ணுகிறவர்களைக் கடவுளும் கனம்பண்ணுவார் என்ற முதலாம் சாமுவேல் புத்தகத்தின் வார்த்தையை நினைவூட்டி, வெற்றிபெற வாழ்த்தியிருந்தது. தன் கோச்சைத் தவிர இன்னொருவரும் தன் முடிவைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது அன்று அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது.

அவருக்குக் கிடைத்தது கடைசி வெளித் தடம். முன்னால் யாரும் தெரிய மாட்டார்கள். பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு நெருக்கம் என்பதும் தெரியாது. அமெரிக்காவின் ஹொரேஷியோ ஃபிட்ச் அரையிறுதியில் புது ஒலிம்பிக் சாதனை படைத்துவிட்டு வந்திருந்தார். துப்பாக்கி வெடித்ததும் லிடல் ஓடிய வேகத்தைப் பார்த்தவர்கள், பாதியில் விழுந்துவிடுவார் என்றே நினைத்தார்கள். முதல் 200 மீட்டர் 22.2 விநாடி. அந்த வேகத்தில் 400 மீட்டரை யாரும் ஓடுவதில்லை.

அவர் விழவில்லை. 47.6 விநாடி, தங்கம், புது ஒலிம்பிக் சாதனை. ஃபிட்ச் 48.4-ல் இரண்டாவது. எப்படி ஓடினீர்கள் என்று கேட்டதற்கு, முதல் 200 மீட்டரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகமாக, அடுத்த 200 மீட்டரைக் கடவுள் துணையோடு அதைவிட வேகமாக என்று லிடல் சொன்னதாகச் சொல்வார்கள்.

ஆறு நாள் கழித்து எடின்பரோவில் அவருக்குப் பட்டமளிப்பு. துணைவேந்தர் சர் ஆல்ஃபிரட் யூயிங், "உங்களைப் 'பாஸ்' பண்ண தேர்வாளரால் மட்டும்தான் முடியும்" என்ற சிலேடையில் வாழ்த்த, அரங்கம் அதிர்ந்தது. மாணவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் போனார்கள்.

வழக்கமாகச் சொல்கிறவர்கள் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். கொள்கையில் நின்றார், கடவுள் தங்கம் கொடுத்தார், சுபம். அப்படி முடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 400 மீட்டரில் அவர் கடைசியாக வந்திருந்தால் அவர் முடிவு தப்பாகிவிடுமா? அந்தக் காகிதத்தைக் கொடுத்தவர்கூட அப்படி நினைத்திருக்க மாட்டார்.

மற்றவர்களுக்கு என்ன ஆனது?

தங்கம் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். நியூசிலாந்து ரக்பி வீரர் மைக்கேல் ஜோன்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஆட மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தவர். 1987, 1991 உலகக் கோப்பைகளில் ஞாயிறு ஆட்டங்களில் அவர் களமிறங்கவில்லை. 1995 உலகக் கோப்பையில் அணி ஆட வேண்டிய காலிறுதியும் அரையிறுதியும் ஞாயிற்றுக்கிழமை வந்ததால், அணியிலேயே சேர்க்கப்படவில்லை. அந்தக் காலத்தின் தலைசிறந்த வீரர்களில் ஒருவருக்கு அந்த விலை.

இன்னொருவர் பிரிட்டனின் ஜொனாதன் எட்வர்ட்ஸ், மும்முறைத் தாண்டல் வீரர். அவரும் ஞாயிறு களம் இறங்காதவர். அதனால் 1991 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பை விட்டார். 1993-ல், நன்றாக யோசித்து, ஞாயிறும் போட்டியிடலாம் என்று மனதை மாற்றிக்கொண்டார். 1995-ல் அவர் தாண்டிய 18.29 மீட்டர் இன்றும் உலக சாதனை. ஓய்வுபெற்ற பிறகு, தனக்கு இப்போது கடவுள் நம்பிக்கையே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஞாயிறு ஓடியதால்தான் நம்பிக்கை போனது என்று இதற்கு முடிச்சுப் போடுவது நியாயமில்லை; அவர் அப்படிச் சொல்லவும் இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. வாழ்க்கை ஒரு ஜூலை வாரத்தோடு முடிவதில்லை. ஒருவர் பிடித்துக்கொண்டிருந்த விஷயம் என்ன என்பது பிறகு வரும் வருடங்களில்தான் தெரியவரும்.

லிடலுக்கு அந்த வருடங்கள் சீனாவில் வந்தன.

புகழை விட்டு வகுப்பறைக்கு

1925-ல், ஐரோப்பாவில் யார் கூப்பிட்டாலும் கூட்டம் கூடும் புகழின் உச்சியில், தியான்ஜினுக்குக் கப்பல் ஏறினார் லிடல். அங்கே ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் அறிவியல் ஆசிரியர் வேலை. 1934-ல் கனடா மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ளோரன்ஸைத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

ஜப்பான் படை வட சீனாவுக்குள் புகுந்ததும் எல்லாம் மாறியது. வசதியான நகர வேலையை விட்டு, அண்ணன் ராப் மருத்துவராக இருந்த ஷியாவ்ச்சாங் என்ற கிராமப்புற மிஷனுக்கு மாறினார் லிடல். வறட்சி, கொள்ளை, ஒரு பக்கம் ஜப்பான் ராணுவம், இன்னொரு பக்கம் சீனப் படைகள். நடுவில் கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போகிற வேலை. 1941-ல் நிலைமை மோசமாக, கர்ப்பமாக இருந்த மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவது மகள் மொரீன் அந்த செப்டம்பரில் டொரன்டோவில் பிறந்தாள். அவளை அவர் பார்க்கவே இல்லை.

1943 மார்ச்சில், எதிரி நாட்டுக் குடிமக்கள் என்று ஜப்பானியர் பிடித்தவர்களோடு, ஷான்டாங் மாகாணத்தின் வெய்ஷியன் முகாமுக்கு அனுப்பப்பட்டார் லிடல். முன்பு அமெரிக்க மிஷன் வளாகமாக இருந்த இடம். சில நூறு அடி நீளமும் அகலமும் கொண்ட அந்தச் சுவருக்குள் ஆயிரத்தைந்நூறுக்கும் அதிகமான பேர். வியாபாரிகள், பாதிரியார்கள், கன்னியாஸ்திரிகள், ஜாஸ் வாசிப்பவர்கள், போதைக்கு அடிமையானவர்கள், குழந்தைகள்.

முகாமில் பைபிள்

அந்த முகாமில் இருந்த லேங்டன் கில்க்கி என்ற அமெரிக்க இளைஞர், பிற்காலத்தில் பெயர் பெற்ற இறையியல் பேராசிரியர் ஆனார். 1966-ல் 'ஷான்டுங் காம்பவுண்ட்' என்ற புத்தகம் எழுதினார். நல்லவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள், இட நெருக்கடியிலும் பசியிலும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை மறைக்காமல் எழுதிய புத்தகம் அது. தூங்குகிற இடத்தில் ஓரிரு அங்குலத்தைக்கூட விட்டுத்தர மனமில்லாதவர்கள், அதற்கு நல்ல நல்ல காரணங்கள் சொன்னதை எழுதுகிறார். மிஷனரிகளும் அதற்கு விலக்கில்லை.

ஒரு சம்பவம் போதும். 1945 ஜனவரியில், கடும் பசிக் காலத்தில், அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலங்கள் சுமார் 1500 வந்து இறங்கின. ஆளுக்கு ஒன்று என்று கணக்கு சரியாக வரும். முகாமில் அமெரிக்கர்கள் ஏறத்தாழ 200 பேர். 'அமெரிக்கா அனுப்பியது, எல்லாமே எங்களுக்குத்தான்' என்று அவர்களில் சிலர் பிடிவாதம் பிடிக்க, பங்கீடு நின்றது. பக்கத்து அறையில் பசித்த குழந்தை இருக்க, உரிமை பற்றிய வாதம் நாள்கணக்கில் நடந்தது. கடைசியில் ஜப்பானிய அதிகாரிகள்தான் ஆளுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

பைபிள் விழுமியம், கலாசார அழுத்தம் என்றெல்லாம் பேசும்போது, அழுத்தம் வெளியிலிருந்து, வேறு மதத்திலிருந்து, சினிமாவிலிருந்து, நகரத்திலிருந்து வருகிறது என்றுதான் நாம் கற்பனை செய்கிறோம். வெய்ஷியனில் அது அதே ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் உள்ளேயிருந்துதான் வந்தது.

அப்படிக் கறாராக மனிதர்களை எடைபோட்ட கில்க்கி, ஒருவரைப் பற்றி எழுதும்போது மட்டும் குரல் இளகுகிறார். புத்தகத்தில் பெயரை மாற்றியிருந்தாலும் அவர் லிடல்தான். மாலை நேரங்களில், அடைபட்டு வெறுத்துப்போயிருந்த பதின்வயதுப் பிள்ளைகளோடு செஸ் பலகைக்கு முன்னாலோ, மாதிரிப் படகு செய்துகொண்டோ, நடன நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டோ அவரைப் பார்க்கலாம் என்கிறார். முகாமில் அப்பா அம்மா இல்லாத பள்ளிப் பிள்ளைகளும் நிறைய பேர் இருந்தார்கள். ஷீஃபூ என்ற ஊரின் மிஷனரிப் பள்ளியிலிருந்து மொத்தமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பெற்றோரைப் பிரிந்து ஹாஸ்டலில் வளர்ந்த லிடலுக்கு அந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு அவர் 'அங்கிள் எரிக்'. வேதியியல் உபகரணங்களைக் கையால் படம் வரைந்து பாடம் நடத்தினார். உடைந்த ஹாக்கி மட்டைகளைத் துணி கிழித்துக் கட்டிச் சரிசெய்தார்.

விளையாட்டுகளை அவர்தான் நடத்தினார். ஞாயிறு மட்டும் கிடையாது. அது அவர் வாழ்நாள் வழக்கம். முகாமின் மிஷனரிப் பெரியவர்களுக்கும் அதில் முழு சம்மதம்.

பிள்ளைகளுக்கு இல்லை. வேலையும் வகுப்பும் இல்லாத ஒரே நாளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு தாங்களே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லை. ஆட்டம் அடிதடியில் முடிந்தது.

அடுத்த ஞாயிறு அவர்கள் மைதானத்துக்கு வந்தபோது, நடுவராக நிற்க லிடல் வந்திருந்தார்.

ஒலிம்பிக் தங்கத்துக்காக மாற்றாத ஒன்றை, அடைபட்ட சில பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக மாற்றிக்கொண்டார். முகாமில் இருந்த பிள்ளைகள் வளர்ந்த பிறகு இதைத்தான் அதிகம் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சில பெரியவர்களுக்கு இது உறுத்தியிருக்கலாம். பாரிஸில் நின்றவர் இங்கே விழுந்துவிட்டாரே என்று. கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அப்படி இல்லை. பாரிஸில் ஞாயிறை விட்டிருந்தால் லாபம் அவருக்கு. பதக்கம், புகழ், நாட்டின் கைதட்டல். வெய்ஷியனில் ஞாயிறைப் பிடித்துக்கொண்டிருந்தால் நஷ்டம் பிள்ளைகளுக்கு. ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானது என்று இயேசு பரிசேயர்களிடம் சொன்னது, மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தப் பகுதியை லிடல் எத்தனையோ முறை படித்திருப்பார். தன் கனவை ஒறுக்கும்போது கட்டளையை முழுசாக எடுத்துக்கொண்டார். பிறர் பிள்ளைகள் விஷயம் என்றபோது, கட்டளை யாருக்காக வந்ததோ அவர்களைப் பார்த்தார். இரண்டும் ஒரே மனிதர்தான்.

கடைசி மாதம்

1945 தொடக்கத்தில் அவருக்குத் தலைவலி. நடை தளர்ந்தது. வேலைப் பளுவால் நரம்புத் தளர்ச்சி என்று எல்லோரும் நினைத்தார்கள். பிப்ரவரி 21 அன்று மனைவிக்கு எழுதிய கடிதத்திலும் அப்படித்தான் குறிப்பிட்டு, இப்போது தேவலை என்று தெரிவித்திருந்தார். அன்று மாலையே இறந்தார். மூளையில் கட்டி இருந்தது பிறகுதான் தெரிந்தது. வயது 43. முகாம் விடுவிக்கப்பட இன்னும் ஆறு மாதம் இருந்தது. கனடாவில் இருந்த ஃப்ளோரன்ஸுக்குச் செய்தி மே மாதம்தான் போய்ச் சேர்ந்தது.

அவர் புதைக்கப்பட்ட ஊர் இன்று வெய்ஃபாங் என்று அழைக்கப்படுகிறது. 1991-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து கிரானைட் கல் கொண்டுபோய் அங்கே நினைவுச் சின்னம் வைத்தது. 2015-ல் சிலையும் வந்தது. சீனாவில் பிறந்து, சீனாவிலேயே இறந்தவர் என்பதால், அவரைச் சீனாவின் முதல் ஒலிம்பிக் சாம்பியன் என்று சொல்கிறவர்கள்கூட உண்டு.

முகாமில் அவருடைய பைபிள் வகுப்பில் இருந்த பையன்களில் ஒருவர் ஸ்டீஃபன் மெட்காஃப். ஒருநாள் மலைப் பிரசங்கத்தில் எதிரிகளை நேசிக்கச் சொல்லும் பகுதி வந்தபோது, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று பிள்ளைகள் வாதாடினார்கள். சுவருக்கு வெளியே துப்பாக்கியோடு நிற்கிற ஜப்பானியச் சிப்பாயை எப்படி நேசிப்பது? நேசிக்க வராவிட்டாலும் அவருக்காக ஜெபிக்கலாமே, பிடிக்காத ஒருவருக்காகத் தினமும் ஜெபித்துக்கொண்டே அவரை வெறுக்க முடியாது என்ற ரீதியில் லிடல் பேசியிருக்கிறார். மெட்காஃப் முயன்று பார்த்தார்.

லிடல் இறப்பதற்குச் சில வாரம் முன்பு, குளிர் உச்சத்தில், மெட்காஃபைத் தேடி வந்தார். பையன் காலில் உருப்படியான ஷூ இல்லை என்பதைக் கவனித்திருந்தார். தன்னுடைய பழைய ஓட்ட ஷூக்களை, நூலால் இழுத்துக் கட்டிச் சரிசெய்து, அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்து அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் மெட்காஃபும் ஒருவர்.

போர் முடிந்து சில வருடங்களில் மெட்காஃப் மிஷனரியாகக் கிளம்பினார். தன்னை அடைத்துவைத்த ஜப்பானுக்கு. அங்கே ஏறத்தாழ 40 ஆண்டுகள் இருந்தார்.